அம்மாவின் வலது காதுக் கல்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதக் காலை. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, அம்மாவின் தோட்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் காயட்டும் என்று மேலே எடுத்துப் போயிருந்தேன். அங்கேதான் என்னைப் பிடித்தது சனி.

முதலில் அந்தத் தோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவர் ஒருவரின் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. அவரிடமிருந்து ஜோடியாக இரண்டு ரோஸ் கற்களை வாங்கி, அம்மாவுக்கு ஒற்றைக் கல் தோடாகக் கட்டிக் கொடுத்தார் அப்பா. மொச்சைக்கொட்டையில் பாதி இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'பர்மா ரோஸ்'. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மின்சார ரயிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால், ஜன்னல் வெயில் அவள் காதில் பட்டு என் வெள்ளைச் சட்டையில் ஒரு ரோஸ் பொட்டு விழும். அதைக் கையால் பிடிக்கப் பார்ப்பேன். பல்லாவரம் வருவதற்குள் அது நழுவி எதிர் சீட்டில் யார் மடியிலாவது போய் உட்கார்ந்திருக்கும்.

அப்பா போன பிறகு அம்மா பூவை விட்டாள், பொட்டை விட்டாள். தோட்டை மட்டும் கழற்றவில்லை. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் வலது காதுத் திருகாணியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வது அவள் பழக்கம். கடைசி நாலு வருஷம் எல்லாம் மறந்துபோயிற்று. என்னையே சில நாள் 'யாரும்மா நீ?' என்று கேட்டாள். காதைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் மறக்கவே இல்லை.

அம்மா கடைசி வரைக்கும் இருந்தது மாடம்பாக்கத்தில் அண்ணன் வீட்டில். சிவன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணன் இருக்கிறார் என்று பேரே தவிர, அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, 'எங்க வீட்டுக்குப் போகணும்' என்று வாசலுக்கு ஓடுகிறவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்ததெல்லாம் அண்ணிதான். நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவேன், ரெண்டு மணி நேரம் இருப்பேன், 'அம்மாவுக்கு நகம் வளர்ந்திருக்கே அண்ணி' என்று ஒரு குறை சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன். இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அண்ணி ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் தோட்டை வைத்து என்னிடம் நீட்டினார்.

"அத்தை இது உனக்குத்தான்னு சொல்லிட்டே இருப்பாங்க. பத்திரமா வச்சுக்கோ."

அழுதுகொண்டே வாங்கி வந்தேன். நாலு மாதம் பீரோவை விட்டு வெளியே எடுக்க மனசு வரவில்லை. எடுத்த முதல் நாள்தான் இந்த மொட்டை மாடி.

டியூப்லைட்டில் இரண்டு கல்லும் அச்சு அசலாக ஒன்று போலத்தான் இருந்தன. வெயிலில் பார்த்தால், இடது கல் எப்படித் திருப்பினாலும் ஒரே ரோஸ். வலது கல் ஒரு பக்கம் ரோஸ், கொஞ்சம் திருப்பினால் லேசாக ஊதா ஓடியது. மறுபடி கழுவினேன், துடைத்தேன், பார்த்தேன். ஊதா அங்கேயேதான் இருந்தது.

நான் சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். வாய் கொஞ்சம் நீளம். 'கொஞ்சம்' என்பதை என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளிடம் 'ஆதாரம் இல்லாம முடிவுக்கு வராதீங்க' என்று தொண்டை கிழியக் கத்துகிறவள், அன்றைக்கு ஐந்தே நிமிஷத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். நிறம் மாறுகிற கல் அசலாக இருக்க முடியாது. யாரோ அம்மா கல்லைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள். யார்? ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்தபோது நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டது அண்ணி. ஒன்பது நாள் அது அவர் கையில்தான் இருந்தது. அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். அண்ணி வழக்கம்போலக் காபி கொடுத்தார். நான் டம்ளரைத் தொடவில்லை.

"அண்ணி, ஆஸ்பத்திரில அம்மா தோட்டைக் கழட்டினது நீங்கதானே?"

"ஆமாம்மா. ஏன்?"

"வலது காதுக் கல் மாறியிருக்கு. அம்மா கல்லை எடுத்துட்டு, கண்ணாடியைப் பதிச்சு என் தலையில கட்டிட்டீங்களா?"

அண்ணி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனார். அந்தப் பால் பொங்கவே இல்லை என்பதை நான் கவனித்தேன். அதையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணன் அதிர்ந்து பேசாதவர். அன்று எழுந்து நின்று கத்தினார். "இத்தனை வருஷம் அம்மாவுக்குக் குண்டி கழுவினவடி அவ! இன்னொரு தடவை இந்தப் பேச்சு பேசறதா இருந்தா, இந்த வீட்டுப் படி ஏறாத!"

"ஏறலை. நிரூபிச்சுட்டு ஏறறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீராப்பு எல்லாம் ஒரு வாரம்தான். அம்மா இல்லாத பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்கிறது என்றால், அது அண்ணி எடுத்துப் பேசுகிற ஃபோனில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியதும் அண்ணி கூப்பிடுவார். 'என்ன சமையல், மாப்பிள்ளைக்கு இருமல் நின்னுச்சா' என்று ஐந்து நிமிஷம். அது நின்றுபோனது. ஆறு மணி ஆனால் ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆவணியில் அப்பா திதி வந்தது. வருஷா வருஷம் மாடம்பாக்கத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த வருஷம் என்னை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டு மதில் மேல் காக்காய்க்குத் தனியாகச் சோறு வைத்துவிட்டு, அது வந்து கொத்துகிற வரைக்கும் நின்று அழுதேன்.

"விட்டுத் தொலையேன். ஒரு கல்லுக்காக அண்ணனை இழக்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

விடுகிற ஜாதியா நான்? கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, மேற்குத் தாம்பரத்தில் கற்களைச் சோதித்து எழுத்தில் சான்றிதழ் தருகிற இடம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, தோட்டைச் சுருக்குப்பையில் போட்டு ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன். அந்தச் சான்றிதழை அண்ணன் முன்னால் எப்படி நீட்டுவது, நீட்டும்போது என்ன சொல்வது என்பதையெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று.

மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் சின்ன அறை. ஏசி, இரண்டு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், கம்ப்யூட்டரோடு இணைத்த ஒரு கருப்புப் பெட்டி. சோதிக்கிறவள் என் பழைய மாணவிகள் வயதுப் பெண். தோட்டை எடை போட்டு, நம்பர் எழுதி, எனக்கு ரசீது கொடுத்தாள்.

"வலது பக்கத்துக் கல் கண்ணாடிம்மா. அதை மட்டும் தெளிவா எழுதிக் கொடுத்துட்டா போதும்" என்றேன்.

அவள் சிரித்தாள். "கல்லு இன்னும் வாயே திறக்கல மேடம். அதுக்குள்ள தீர்ப்பு சொல்லிட்டீங்க."

"கண்ணால பார்த்தாலே தெரியுதே! வெயில்ல திருப்பினா ஊதா ஓடுதும்மா!"

"கண்ணால பார்த்துச் சொல்றதா இருந்தா எனக்கு இங்க வேலையே இல்லையே. ரோஸ் கல்லுல மட்டும் பத்து வகை இருக்கு, எல்லாம் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும். வாங்க, நீங்களே பாருங்க."

நான் டீச்சர் என்று தெரிந்ததும் அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கருப்புப் பெட்டிக்குள் இடது தோட்டை வைத்து மூடினாள். உள்ளே பச்சை லேசர் விழுந்ததும், கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கல் அடுப்புக் கங்கு போலச் சிவந்து எரிந்தது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத்தான் பெட்டி பிரித்துக் கம்ப்யூட்டரில் கோடாக வரைந்தது. நடுவில் உயரமாக ஒரு முனை, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முனைகளாகக் கொலுப்படி போல இறங்கின. நிறமாலை! முப்பட்டகத்தை வைத்துக்கொண்டு 'ஊதா, கருநீலம், நீலம்' என்று ஆயிரம் தடவை ஒப்பித்திருக்கிறேன். என் அம்மா காதுக்குள்ளே இப்படி ஒன்று இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

"இது ஸ்பைனல்னு ஒரு ரகம். பர்மாப் பக்கத்துக் கல்லாத்தான் இருக்கும். அருமையான கல் மேடம்" என்றாள்.

பிறகு வலது தோடு. அதுவும் அதே மாதிரிதான் சிவந்து எரிந்தது. ஆனால் திரையில் வந்தது வேறு. கொலுப்படி இல்லை. ஒட்டிப் பிறந்தது போல இரண்டே இரண்டு கூர்மையான முனைகள்.

"பார்த்தீங்களா, வேற கல்!" என்று நான் துள்ளிக் குதிக்காத குறை.

"வேற கல்தான். ஆனா கண்ணாடி இல்ல. கண்ணாடின்னா இந்த முனையே வராது. இது பிங்க் சஃபையர். நீலக்கல் இருக்கே, அதே ஜாதி."

"நீலக்கல் எப்படிம்மா ரோஸா இருக்கும்?"

"அந்த ஜாதியில எல்லா நிறமும் உண்டு. சிவப்பு ஏறினா அதையே மாணிக்கம்னு சொல்லுவோம். வெயில்ல திருப்பினா ஊதா ஓடுதுன்னு சொன்னீங்களே, அது இந்தக் கல்லோட குணம். போலின்னு அர்த்தம் இல்ல." மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். "உள்ள பட்டு நூல் மாதிரி இழை ஓடுது. பூமியில விளைஞ்ச கல்தான், ஃபேக்டரில செஞ்சது இல்ல. ரெண்டுக்கும் ரோஸ் நிறம் கொடுக்கறது ஒரே குரோமியம் மேடம். அது குடியிருக்கிற வீடுதான் வேற வேற."

குரோமியம்! எங்கள் பக்கத்துக் குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பேர் கொடுத்ததே தோல் பதனிடுகிற அந்தக் குரோமியம்தானே. அப்பா நாற்பது வருஷம் ரயில் ஏறி இறங்கிய ஊர். வேறு நாளாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அன்றைக்கு மனசு வேறு கணக்குப் போட ஆரம்பித்தது. திருடுகிறவர் கண்ணாடியைப் பதிப்பார். நல்ல கல்லை எடுத்துவிட்டு இன்னொரு நல்ல கல்லை யாராவது பதிப்பார்களா?

அந்தப் பெண் இன்னும் குனிந்தே இருந்தாள். "ஒண்ணு கவனிச்சீங்களா? இந்த வலது கல்லுல மேல்முனையெல்லாம் லேசா தேய்ஞ்சிருக்கு. தோட்டுக் கல் எங்கயும் இடிபடாது, இப்படித் தேயாது. இது ரொம்ப வருஷம் மோதிரத்துல இருந்த கல்லு மேடம். பிடிச்சிருக்கிற கம்பியும் புதுசு. நாலஞ்சு வருஷத்துக்குள்ள பத்தர் யாரோ மாத்தியிருக்காரு."

மோதிரம்.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது விரலில் ஒரு ரோஸ் கல் மோதிரம் இருந்தது. அவருடைய அம்மா, தான் போட்டிருந்ததைக் கழற்றிப் பெண்ணுக்குப் போட்டு அனுப்பியது. அடுத்த வருஷமே அந்த அம்மா இறந்துபோனார். 'மாமியார் தோட்டுக்கு ஜோடியா மருமக மோதிரம் கொண்டாந்திருக்கா பாரு' என்று அப்பா கூடக் கிண்டல் பண்ணுவார். பாத்திரம் தேய்க்கும்போது, மாவு பிசையும்போது, எப்போதும் அந்த மோதிரம் கையில் இருக்கும். சில வருஷமாக அது இல்லை. ஒரு தரம் கேட்டதற்கு, 'விரல் வீங்கிடுச்சும்மா, ஏறல' என்றார். நானும் 'உப்பைக் குறைங்க' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சான்றிதழை வாங்கியது நினைவிருக்கிறது. படி இறங்கியது நினைவில்லை. மாடம்பாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் கண்ணீர் வழிவதே தெரிந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், ஒடம்புக்கு சரியில்லியா? தண்ணி கீது, குடிக்கிறீங்களா?" என்று பாட்டிலை நீட்டினார். முன்பின் தெரியாதவருக்குக் கூட என்னைப் பார்த்து மனசு இளகுகிறதே, எனக்கு யாரைப் பார்த்து இளகியது என்று இன்னும் அழுகை வந்தது.

அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். நான் வாசற்படியைத் தாண்டவில்லை. அண்ணன் ஏறாதே என்ற படி அது.

"அண்ணி, உங்க அம்மா மோதிரம் எங்க?"

கீரை ஆய்ந்த கை அப்படியே நின்றது. என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். உள்ளே போய், அம்மாவின் பழைய மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார். மோதிரம் விழுந்தது. கல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதன் வழியாக என் கை ரேகை தெரிந்தது.

"உள்ள வா முதல்ல" என்று கையைப் பிடித்து இழுத்தார். பிறகு சொன்னார். அம்மாவுக்கு மறதி முற்றிய சமயம். ஒரு நாள் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது பார்த்தால், வலது தோட்டில் கல் இல்லை. கம்பி தேய்ந்து விழுந்திருக்கிறது.

"பாத்ரூம் தூம்பு வாயைப் பேத்து எடுத்து, டீ வடிகட்டிய வச்சு சாக்கடை பூரா சலிச்சேன். ரெண்டு நாள் தேடினேன். கிடைக்கல. அத்தை பேசறதுக்கு முன்னாடி காதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாங்களா, அங்க பள்ளமா இருந்ததும் குழந்தை மாதிரி அழ ஆரம்பிச்சாங்க. 'அவர் வந்து கேட்டா என்ன சொல்லுவேன்'னு. மாமா போனதே மறந்துபோச்சு அவங்களுக்கு. சோறு இறங்கல. பத்தர்கிட்ட போனேன். அதே நிறத்துல கல் என்கிட்டதானே இருந்துச்சு. எடுத்து வச்சுக் கொடுங்கன்னுட்டேன். மாட்டி விட்டதும் தொட்டுப் பார்த்தாங்க. சிரிச்சாங்க. அதோட சரி."

"அன்னைக்கு நான் அந்தப் பேச்சு பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"என்னன்னு சொல்றது? அது என் கல்லுன்னா? கொடுத்ததைத் திருப்பிக் கேக்கற மாதிரி இல்ல இருக்கும். அதுவும் போக, உங்கம்மா கல் என் கையில இருக்கும்போது தொலைஞ்சது நிஜம்தானே. நீ கேட்டப்ப எனக்குப் பதில் வரல."

அந்தத் தட்டில் வெற்றிலையோடு வைத்து எனக்குக் கொடுத்தபோது, தன் அம்மா ஞாபகமாக மிச்சமிருந்த ஒரே கல்லையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். 'பத்திரமா வச்சுக்கோ' என்று வேறு சொன்னார். அதற்குத்தான் நான் திருட்டுப் பட்டம் கட்டினேன். கீரைத் தண்டுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "அடிங்க அண்ணி என்னை. நாலு அறை அறைங்க" என்று அழுதேன்.

"போடி பைத்தியம். எழுந்து மூஞ்சியைக் கழுவு, காபி போடறேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். இருபத்தாறு வருஷத்தில் அண்ணி என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்று அந்த டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை நான்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நடந்ததைச் சொன்னோம். அவருக்கும் அன்றுதான் விஷயமே தெரியும். தோட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, டியூப்லைட்டுக்குக் கீழே ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார். அண்ணியும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அதுவே முதல்.

வலது கல்லைக் கழற்றி அண்ணி மோதிரத்திலேயே வைத்துவிடலாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவே இல்லை. "அத்தை தினம் நூறு தடவை தொட்ட கல்லு அது. உன்கிட்டதான் இருக்கணும்." கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதே பத்தரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். இடது தோட்டில் இருந்த அம்மாவின் பர்மா ரோஸ் அண்ணி மோதிரத்தின் ஓட்டையில் உட்கார்ந்தது. அண்ணியின் அம்மா கல், எனக்கு ஒரு மோதிரமாயிற்று. எந்தக் கல் எந்த மோதிரத்துக்கு என்று பத்தர் குழம்பிவிடாமல் இருக்க, அந்தச் சான்றிதழைக் கையோடு எடுத்துப் போனேன். நான் அதை வாங்கியது என்னவோ அண்ணன் முன்னால் நீட்டத்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஃபோன் வருகிறது. அப்பா திதிக்கும் அம்மா திதிக்கும் முதல் ஆளாகப் போய் வாழைக்காய் நறுக்குகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு நிறமாலை பாடம் எடுக்கும்போது, ஜன்னல் வெயில் என் விரலில் பட்டுச் சில நாள் முன் பெஞ்சுப் பெண்ணின் வெள்ளைச் சட்டையில் ஒரு ரோஸ் பொட்டு விழும். அவளும் அதைக் கையால் பிடிக்கப் பார்ப்பாள். எனக்கு அம்மா காது ஞாபகம் வரும், மின்சார ரயில் ஞாபகம் வரும், பாடம் ஒரு நிமிஷம் நின்றுபோகும். என் பிறந்த வீட்டுக் கதவை எனக்கு மூடாமல் வைத்திருப்பது இந்தக் கல்தான். ஆனால் இது எங்கள் வீட்டுக் கல்லே இல்லை.